இன்னொரு 200 பேரைக் கேட்டிருந்தால்? சமூக அறிவியல் மாணவருக்குப் புள்ளியியல்

சமூகவியல், அரசியல் அறிவியல், உளவியல், சமூகப்பணி என எதைப் படிக்க வந்தாலும் எங்கோ ஓரிடத்தில் புள்ளியியல் தாள் ஒன்று குறுக்கே வந்து நிற்கும். கணக்கே வேண்டாம் என்றுதானே இந்தப் பக்கம் வந்தோம் என்று பலருக்கும் மனம் சோர்ந்துவிடுகிறது. நானும் சமூகவியல் வழியாகத்தான் இதற்குள் வந்தேன். மாணவர்களோடு உட்கார்ந்து அவர்கள் திரட்டிய தரவைப் பார்க்கத் தொடங்கிய பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அடிப்படைப் புள்ளியியலுக்கு வேண்டிய கணக்கு மிகக் கொஞ்சம்: கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கம், வர்க்கமூலம். அதற்கு மேல் எதுவும் இல்லை. தடுமாற்றம் வருவது ஒரு கேள்வி மனதில் பதியாததால்தான்: "நான் விசாரித்த இந்த 200 பேரை விட்டுவிட்டு வேறு 200 பேரை விசாரித்திருந்தால் என்ன விடை வந்திருக்கும்?"

இந்தக் கேள்வி பிடிபட்டுவிட்டால் திட்டப்பிழை, நம்பிக்கை இடைவெளி, பி-மதிப்பு, கை-வர்க்கம் எல்லாமே அதற்குச் சொல்லப்படும் பதில்களாகத் தெரியும். பிடிபடாவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனிச் சூத்திரமாக நின்று பயமுறுத்தும். அதனால் நேராக அந்த இடத்துக்குப் போகலாம். வழியில் சில சின்ன விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்வோம்.

சராசரி மறைப்பது

ஐந்தைந்து பேர் கொண்ட இரண்டு குழுக்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் நூலகத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்கிறோம். முதல் குழுவின் விடைகள் 4, 5, 5, 5, 6. இரண்டாம் குழுவின் விடைகள் 0, 1, 5, 9, 10. இரண்டிலும் கூட்டுத்தொகை 25, சராசரி 5. ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான குழுக்கள் என்று யாராவது சொல்வார்களா? முதல் குழுவில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் செலவிடுகிறார்கள். இரண்டாவதில் இரண்டு பேர் நூலகப் பக்கமே அதிகம் போவதில்லை, இரண்டு பேர் அங்கேயே குடியிருக்கிறார்கள். ஏன் இப்படி என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? அந்த "ஏன்"தான் சமூக அறிவியல். எல்லோரும் ஒன்றுபோல இருந்தால் நமக்கு ஆராய எதுவுமே இருக்காது.

அந்த வேறுபாட்டை ஓர் எண்ணாகச் சொல்வதுதான் திட்ட விலக்கம், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன். ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று பாருங்கள். இரண்டாம் குழுவில் அந்த விலகல்கள் −5, −4, 0, 4, 5. இவற்றை அப்படியே கூட்டினால் பூஜ்யம்தான் வரும். எந்தத் தரவை எடுத்தாலும் அப்படித்தான் வரும், சராசரி என்பதே அந்த நடுப்புள்ளி. அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டுகிறோம்: 25 + 16 + 0 + 16 + 25 = 82. இதை 4-ஆல் வகுத்தால் 20.5. வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 4.5. முதல் குழுவுக்கு இதையே செய்தால் 0.7 வரும். ஐந்து பேர் இருக்கும்போது ஏன் 4-ஆல் வகுத்தோம்? சராசரியையும் இதே ஐந்து எண்களிலிருந்துதான் எடுத்தோம். ஆகவே நான்கு விலகல்கள் தெரிந்தாலே ஐந்தாவது என்னவாக இருக்கும் என்பது தெரிந்துவிடும். சுதந்திரமாக மாறக்கூடியவை நான்குதான். பின்னால் "கட்டின்மை அளவு" என்ற சொல் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறையாவது இதைத் தாளில் கையால் செய்து பாருங்கள். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் கணினியே செய்யட்டும்.

இடைநிலை பற்றிச் சுருக்கமாக: இரண்டாம் குழுவில் 10 மணி நேரம் என்று சொன்னவர் 40 என்று சொல்லியிருந்தால் சராசரி 5-இலிருந்து 11-க்குத் தாவிவிடும். வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுக்கும் இடைநிலையோ 5-இலேயே நிற்கும். வருமானம், நிலம், சொத்து போன்றவற்றில் சிலரிடம் மிக அதிகமாகக் குவிந்திருக்கும் என்பதால் அங்கே இடைநிலையைச் சொல்வதே நியாயம்.

எண் எல்லாம் எண் ஆகாது

வினாப்பட்டியலில் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று குறியீடு போடுகிறோம். கணினியிடம் கேட்டால் பாலினத்தின் சராசரி 1.4 என்று தயங்காமல் சொல்லும். அதற்கு ஒரு பொருளும் இல்லை. எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் 1946-இல் அளவைகளை நான்காகப் பிரித்தார்: வெறும் பெயராக நிற்பவை, வரிசை மட்டும் உள்ளவை, இடைவெளிகள் சமமாக உள்ளவை, உண்மையான பூஜ்யமும் உள்ளவை. பாலினம், மதம், துறை முதல் வகை. "மிகவும் திருப்தி, திருப்தி, அதிருப்தி" என்பது இரண்டாம் வகை. வெப்பமானியின் செல்சியஸ் அளவு மூன்றாவது. வயதும் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையும் நான்காவது. எந்தச் சோதனையைப் பயன்படுத்தலாம் என்பது பெரும்பாலும் இதிலேயே முடிவாகிவிடும்.

"முற்றிலும் உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து படிகள் கொண்ட கேள்விகளை ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் அறிமுகப்படுத்தினார். அவற்றுக்குச் சராசரி எடுக்கலாமா கூடாதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. என் கருத்தைச் சொல்கிறேன். ஒற்றைக் கேள்வி என்றால் ஒவ்வொரு படியிலும் எத்தனை சதவீதம் என்று காட்டுங்கள், படிப்பவருக்கு அதுவே தெளிவு. ஒரே மனப்பாங்கை அளக்கும் பத்துக் கேள்விகளின் மதிப்பெண்களைக் கூட்டியிருந்தால் சராசரி எடுப்பதில் பெரிய தவறு இல்லை. லைக்கர்ட்டின் முறையும் பல கேள்விகளைச் சேர்த்து எடுப்பதுதான்.

இன்னொரு சிறிய விஷயம் இருக்கிறது. ஆய்வுகளை இது கெடுக்கும் அளவுக்கு வேறெதுவும் கெடுப்பதில்லை என்பதால் சொல்கிறேன். பதில் சொல்லாதவருக்கு 99 என்று குறியீடு போடும் பழக்கம் உண்டு. 50 பேரில் மூன்று பேர் வயது சொல்லவில்லை, மீதி 47 பேரின் சராசரி வயது 22 என்று வையுங்கள். 99 என்பது விடுபட்ட மதிப்பு என்று மென்பொருளிடம் சொல்ல மறந்தால் சராசரி 26.6 என்று வரும். பார்த்தால் நம்பும்படியான எண். யாருக்கும் சந்தேகம் வராது, அது அப்படியே அறிக்கைக்குள் போய்விடும். எனவே எந்தச் சோதனைக்கும் முன்னால் ஒவ்வொரு மாறிக்கும் (வயது, பாலினம் போல ஆளுக்கு ஆள் மாறும் எதற்கும் மாறி என்று பெயர்) ஓர் எளிய எண்ணிக்கை அட்டவணை எடுத்து, மிகச் சிறிய மதிப்பு என்ன, மிகப் பெரிய மதிப்பு என்ன என்று கண்ணால் பாருங்கள்.

ஒரு சோறு போதுமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். இந்தப் பழமொழி பொய்யில்லை. ஆனால் அது எப்போது உண்மை என்று யோசித்துப் பாருங்கள். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. பருக்கைக்குப் பருக்கை வேறுபாடு மிகக் குறைவு, அதனால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாலே போதும். மனிதர்கள் அப்படி இல்லை. ஒருவரைக் கேட்டு ஊரை அறிய முடியாது. எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. யாரைக் கேட்கிறோம் என்பது அதைவிட முக்கியம்.

அமெரிக்காவில் 1936-ஆம் ஆண்டு நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் ஏறக்குறைய 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. ஆல்ஃபிரட் லேண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. நடந்தது வேறு: 48 மாநிலங்களில் 46-ஐ ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கைப்பற்றினார். அதே சமயம் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் சுமார் 50,000 பேரை மட்டுமே வைத்து ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொல்லியிருந்தார். இதழ் முகவரிகளை எடுத்தது தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? போதாததற்கு, சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களும் மற்றவர்களைப் போன்றவர்கள் இல்லை. சாய்ந்த தராசில் எத்தனை முறை நிறுத்தாலும் எடை சரியாகாது. எண்ணிக்கை கூடக் கூட நம்பிக்கைதான் கூடும், தவறு அப்படியே இருக்கும்.

மாணவர் ஆய்வுகளில் பெரும்பாலும் தெரிந்தவர்களுக்கு இணையப் படிவத்தை அனுப்பித்தான் தரவு திரட்டப்படுகிறது. நேரமும் வசதியும் அவ்வளவுதான் இருக்கும், புரிகிறது. அப்படியென்றால் அதை அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். "இந்த 120 பேரிடம் கண்டது" என்று சொல்லலாம். "இளைஞர்கள் இப்படி நினைக்கிறார்கள்" என்று சொல்ல முடியாது. கீழே வரும் சூத்திரங்கள் எல்லாம் முழுமைத்தொகுதியில், அதாவது நாம் அறிய விரும்பும் மொத்த மக்களில், ஒவ்வொருவருக்கும் தேர்வாக ஒரே வாய்ப்பு இருக்கும் எளிய தற்செயல் மாதிரிக்கானவை. சாய்வை அவை அளப்பதில்லை.

நாணயம் சொல்லும் பாடம்

இப்போது முதலில் சொன்ன கேள்விக்கு வருவோம். இதைப் படித்தால் மட்டும் போதாது, ஒரு நாணயத்தை எடுத்துச் செய்து பார்க்க வேண்டும்.

ஒரு முழுமைத்தொகுதியில் சரியாகப் பாதிப் பேர் ஒரு கேள்விக்கு "ஆம்" என்று சொல்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது தெரியாது. நாம் 20 பேரை விசாரிக்கிறோம். நாணயத்தை 20 முறை சுண்டுவதும் இதுவும் ஒன்றுதான். தலை விழுந்தால் "ஆம்". எத்தனை தலை விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மீண்டும் 20 முறை. மீண்டும் 20 முறை. முதல் தடவை 12 வரும், அடுத்து 9, அடுத்து 7, அடுத்து 10. உண்மை மாறவே இல்லை, அது எப்போதும் பாதிக்குப் பாதி. மாறியதெல்லாம் நம் மாதிரிதான். ஒவ்வொரு முறையும் வேறு 20 பேர் நம் கையில் அகப்பட்டார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. 10-க்கு அருகில் அடிக்கடி வருகிறது, தள்ளிப் போகப் போகக் குறைகிறது. இந்த 20 சுண்டல்களை 100 தடவை திரும்பத் திரும்பச் செய்தால், ஏறக்குறைய 96 தடவை 6-க்கும் 14-க்கும் இடையில்தான் விடை வரும். அதாவது ஒரு தனி மாதிரி எங்கே விழும் என்று சொல்ல முடியாது, மாதிரிகள் மொத்தமாக எப்படிப் பரவும் என்று சொல்ல முடியும். புள்ளியியலின் பலம் முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது. இதை நாணயத்தோடு உட்கார்ந்து உணர்ந்த மாணவர்கள் பிறகு எந்தச் சோதனையைக் கண்டும் மிரளுவதை நான் பார்த்ததில்லை.

அந்தப் பரவலின் அளவுக்குத் திட்டப்பிழை என்று பெயர், ஸ்டாண்டர்ட் எர்ரர். பெயரில் பிழை இருக்கிறது என்பதற்காக யாரோ தவறு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மாதிரிக்கு மாதிரி விடை எவ்வளவு ஆடும் என்பதன் அளவுதான் அது. திட்ட விலக்கம் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு. திட்டப்பிழை மாதிரிக்கு மாதிரி உள்ள வேறுபாடு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, மீதியையும் தாண்டிவிடலாம்.

சதவீதம் என்றால் கணக்கிடுவது எளிது. "ஆம்" என்பவர்களின் பங்கையும் "இல்லை" என்பவர்களின் பங்கையும் பெருக்கி, விசாரித்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பாதிக்குப் பாதி என்றால் 0.5 × 0.5 = 0.25. 400 பேரை விசாரித்தால் 0.25-ஐ 400-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.025, அதாவது 2.5 சதவீதப் புள்ளி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மாதிரிகள் உண்மையிலிருந்து ஏறக்குறைய இரண்டு திட்டப்பிழைக்குள் விழும். எனவே 400 பேரிடம் 50 சதவீதம் என்று கிடைத்தால், இரண்டு பக்கமும் 5 புள்ளி விட்டு 45 முதல் 55 வரை என்று சொல்கிறோம். அதுதான் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. கருத்துக்கணிப்புச் செய்திகளின் அடியில் சிறிய எழுத்தில் "பிழை வரம்பு" என்று போடுகிறார்களே, அதுவும் இதுவே.

அதே கணக்கை 100 பேருக்குப் போட்டால் இரு பக்கமும் 10 புள்ளி, 1,600 பேருக்குப் போட்டால் 2.5 புள்ளி. ஆட்களை நான்கு மடங்காக்கினால்தான் ஆட்டம் பாதியாகக் குறைகிறது. இன்னொன்றையும் பாருங்கள்: இந்தக் கணக்கில் முழுமைத்தொகுதி எவ்வளவு பெரியது என்பது எங்கேயும் வரவில்லை. 10 லட்சம் பேர் உள்ள இடத்துக்கும் 10 கோடிப் பேர் உள்ள இடத்துக்கும் சரியாக எடுத்த 1,600 பேர் மாதிரி ஏறக்குறைய ஒரே துல்லியத்தைத் தரும். "மக்கள்தொகையில் 10 சதவீதம் எடுக்க வேண்டும்" என்று ஒரு விதி மாணவர்களிடையே உலவுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது.

ஓர் அட்டவணை, ஒரு சோதனை

சமூக அறிவியலில் அதிகம் வருவது இரண்டு வகைப்பாட்டு மாறிகளைச் சேர்த்துப் பார்க்கும் குறுக்கு அட்டவணை. ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். 200 கல்லூரி மாணவர்கள், தற்செயல் மாதிரி. அவர்களில் 80 பேர் குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், 120 பேர் அப்படி அல்லாதவர்கள். வகுப்பில் அடிக்கடி கேள்வி கேட்பீர்களா, பேசுவீர்களா என்று விசாரித்தோம். முதல் தலைமுறையினரில் 30 பேர் ஆம் என்றார்கள், 50 பேர் இல்லை என்றார்கள். மற்றவர்களில் 70 பேர் ஆம், 50 பேர் இல்லை.

முதல் வேலை சதவீதம் போடுவது. எந்தப் பக்கமாகப் போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பேசுபவர்களில் எத்தனை சதவீதம் முதல் தலைமுறை என்பது இங்கே கேள்வி இல்லை. முதல் தலைமுறையினரில் எத்தனை சதவீதம் பேசுகிறார்கள் என்பதே கேள்வி. காரணமாக நாம் கருதும் மாறியின் ஒவ்வொரு குழுவையும் 100 ஆக வைக்க வேண்டும். 80-இல் 30 என்றால் 37.5 சதவீதம். 120-இல் 70 என்றால் 58.3 சதவீதம். இடைவெளி ஏறக்குறைய 21 புள்ளி. இந்த வரியை எழுதிய கணத்திலேயே ஆய்வின் கண்டுபிடிப்பு கையில் வந்துவிட்டது. இனிச் செய்யப்போகும் சோதனை ஒரே ஒரு சந்தேகத்தைத் தீர்ப்பதற்கு: மொத்த மாணவர்களிடையே உண்மையில் வேறுபாடே இல்லாமல், நம் கையில் அகப்பட்ட 200 பேரால் மட்டும் இந்த 21 புள்ளி வந்திருக்குமா? மறுபடி அதே கேள்விதான்.

வேறுபாடே இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இதற்குப் பெயர் இன்மைக் கருதுகோள். 200 பேரில் மொத்தம் 100 பேர் பேசுகிறார்கள், அதாவது பாதி. தலைமுறைக்கும் பேசுவதற்கும் தொடர்பு இல்லையென்றால் 80 பேரில் 40 பேரும் 120 பேரில் 60 பேரும் பேச வேண்டும். நாம் கண்டது 30-ம் 70-ம். நான்கு கட்டங்களிலும் வித்தியாசம் 10. அதை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டுகிறோம்: 100/40 + 100/40 + 100/60 + 100/60. விடை 8.33. இதுதான் கை-வர்க்கம், வகுப்பில் கை-ஸ்கொயர் என்பார்கள்.

8.33 பெரியதா சிறியதா? மறுபடி நாணயத்தை நினையுங்கள். தொடர்பே இல்லாத முழுமைத்தொகுதியிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து ஒவ்வொரு முறையும் இந்த எண்ணைக் கணக்கிட்டால், இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் 100-க்கு 95 தடவை அது 3.84-க்குள்தான் இருக்கும். 8.33 அல்லது அதற்கு மேல் வருவது ஆயிரத்தில் நான்கு தடவை அளவுக்குத்தான். அந்த 0.004-தான் பி-மதிப்பு. இந்த அட்டவணைக்குக் கட்டின்மை அளவு 1, ஏனென்றால் ஓரங்களில் உள்ள மொத்தங்கள் தெரிந்திருக்கும்போது ஒரு கட்டத்தை நிரப்பினாலே மற்ற மூன்றும் தாமாக நிரம்பிவிடும். எதிர்பார்த்த எண்ணிக்கை 5-க்குக் கீழே போகும் கட்டங்கள் இருந்தால் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். அதற்கு ஃபிஷரின் துல்லியச் சோதனை என்று வேறொன்று உண்டு.

பி-மதிப்பு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

பி-மதிப்பு 0.004 என்றால் "இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 0.4 சதவீத வாய்ப்பு" என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. தொடர்பு இல்லை என்று முதலிலேயே வைத்துக்கொண்டுதானே கணக்குப் போட்டோம்? தொடர்பு இல்லாவிட்டால் இப்படியொரு தரவு வர எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும்தான் அது சொல்லும். இந்த வேறுபாடு சொல் விளையாட்டு போலத் தோன்றலாம். ஆனால் முடிவுகள் தலைகீழாகப் போவது இங்கேதான்.

அது பெரிய வேறுபாடா என்பதையும் பி-மதிப்பு சொல்லாது. மேலே உள்ள அதே சதவீதங்களை 40 பேரிடம் கண்டிருந்தால், அதாவது 16-இல் 6 பேரும் 24-இல் 14 பேரும் பேசியிருந்தால், கை-வர்க்கம் 1.67-தான். 3.84-ஐத் தொடாது. வேறுபாடு அதே 21 புள்ளிதான், ஆனால் 40 பேரை வைத்துத் தற்செயலை விலக்க முடியவில்லை. இதை "வேறுபாடு இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. எதிர்ப்பக்கம் பாருங்கள்: 20,000 பேரை விசாரித்தால் 49-க்கும் 51-க்கும் உள்ள இரண்டு புள்ளி வேறுபாடுகூடச் சோதனையைத் தாண்டிவிடும். அது தற்செயலாக வந்திருக்காது. அதற்காக அது முக்கியமானதாகவும் ஆகிவிடாது.

0.05 என்ற எல்லை எங்கிருந்து வந்தது? ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட நூலில் அதை வசதியான ஒரு வரம்பாகக் குறிப்பிட்டார். வசதிக்காகப் போட்ட கோடு பிறகு வேதவாக்காகிவிட்டது. 0.049 வந்தால் மகிழ்ச்சி, 0.051 வந்தால் அழுகை. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையில், ஓர் எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து அறிவியல் முடிவுகளை எடுக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மாறிகளை வைத்து 20 சோதனைகள் செய்தால், அவற்றில் ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. எல்லா மாறிகளையும் எல்லாவற்றோடும் போட்டுப் பார்த்து, நட்சத்திரக் குறி (0.05-க்குக் கீழே வந்ததற்கு மென்பொருள் போடும் அடையாளம்) விழுந்ததை மட்டும் எடுத்து எழுதினால் நாம் எழுதுவது தற்செயலைத்தான். உளவியலில் ஏற்கெனவே வெளியான 100 ஆய்வுகளை ஒரு பெரிய ஆய்வாளர் குழு மீண்டும் செய்து பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டது. முதலில் 97 சதவீத ஆய்வுகள் அந்த எல்லையைத் தாண்டியிருந்தன. மீண்டும் செய்தபோது 36 சதவீதம்தான் தாண்டின. எனவே தரவைத் திறப்பதற்கு முன்பே எந்தக் கேள்விகளைச் சோதிக்கப் போகிறோம் என்று தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கணக்கு எதுவும் தேவையில்லை, நேர்மை போதும்.

தொடர்பு யாருக்கு?

இரண்டு எண் மாறிகள் சேர்ந்து ஏறுகின்றனவா என்பதை ஒட்டுறவுக் கெழு சொல்லும். −1-க்கும் +1-க்கும் இடையில் வரும். ஒட்டுறவு இருப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்று எல்லாப் பாடநூலும் சொல்கிறது. சமூக அறிவியல் மாணவருக்கு அதைவிட அவசரமான எச்சரிக்கை வேறொன்று.

டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1950-இல் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஒவ்வொரு மாநிலத்திலும் வெளிநாட்டில் பிறந்தவர்களின் சதவீதத்தையும் எழுத்தறிவில்லாதவர்களின் சதவீதத்தையும் சேர்த்துப் பார்த்தார். ஒட்டுறவு −0.53. வெளிநாட்டில் பிறந்தவர் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு. அப்படியானால் வெளியிலிருந்து வந்தவர்கள் அதிகம் படித்தவர்களா? தனி மனிதர்களை எடுத்துப் பார்த்தபோது ஒட்டுறவு +0.12 என்று வந்தது, குறியே மாறிவிட்டது. வந்தவர்களிடையே எழுத்தறிவின்மை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவர்கள் குடியேறியது உள்ளூரில் பிறந்தவர்கள் ஏற்கெனவே நன்கு படித்திருந்த மாநிலங்களில். மாவட்டங்களையோ மாநிலங்களையோ ஒப்பிட்டு வந்த எண்ணை வைத்து மனிதர்களைப் பற்றிப் பேசிவிடும் இந்தத் தவறு செய்திகளில் தினமும் கண்ணில் படுகிறது. தரவு எந்த மட்டத்தில் இருக்கிறதோ, பேச்சும் அந்த மட்டத்திலேயே இருக்க வேண்டும்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-இல் நடந்த முதுநிலைச் சேர்க்கை. விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35 சதவீதம் பேருக்கு. மொத்தமாகப் பார்த்தால் பாரபட்சம் என்றே தோன்றும். துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பெரும்பாலான துறைகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. பெரிய துறை ஒன்றில் பெண்களில் 82 சதவீதமும் ஆண்களில் 62 சதவீதமும் தேர்வாகியிருந்தனர். யாருக்குமே எளிதில் இடம் கிடைக்காத துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள் என்பதே மொத்த எண்ணிக்கையின் ரகசியம். இதனால் பாரபட்சம் என்ற கேள்வி மறைந்துவிடவில்லை. பெண்கள் ஏன் அந்தத் துறைகளுக்குப் போகிறார்கள், அந்தத் துறைகளில் ஏன் இடங்கள் குறைவு என்று அது வேறு இடத்துக்கு நகர்கிறது. புள்ளியியல் இங்கே சமூகவியலுக்குச் சரியான கதவைக் காட்டியிருக்கிறது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த உதாரணம் இதுதான்.

நம் 200 மாணவர்களுக்கும் இது பொருந்தும். முதல் தலைமுறை மாணவர்கள் பெரிய வகுப்புகள் உள்ள துறைகளில் அதிகம் சேர்ந்திருந்தால்? பெரிய வகுப்பில் யாருமே அதிகம் பேசுவதில்லை என்றால்? அந்த 21 புள்ளி வேறுபாடு வகுப்பின் அளவால் வந்ததாகவும் இருக்கலாம். சிறிய வகுப்பினருக்குத் தனி அட்டவணை, பெரிய வகுப்பினருக்குத் தனி அட்டவணை போட்டுப் பாருங்கள். இரண்டிலும் வேறுபாடு நின்றால் அதற்குப் பலம் கூடுகிறது. ரிக்ரெஷன் என்று பின்னால் வருவதும் இந்த வேலையைத்தான் செய்கிறது: மற்றவை ஒன்றாக இருக்கும்போது இந்த ஒன்று மாறினால் விடை சராசரியாக எவ்வளவு மாறும் என்று பல மாறிகளை ஒரே நேரத்தில் வைத்துக் கணக்கிடுகிறது. அட்டவணையைப் பிரித்துப் பார்த்துப் பழகியவருக்கு அது புதிய பாடமாகவே இருக்காது.

அறிக்கையில் எழுதும்போது

மென்பொருள் எதுவானாலும் சரி. எக்செல், எஸ்பிஎஸ்எஸ், ஆர் எதில் செய்தாலும் மேலே போட்ட கணக்குக்கு விடை 8.33-தான். சில, இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்குச் சிறிய திருத்தம் செய்து சற்றுக் குறைந்த எண்ணைக் காட்டும்; வேண்டாம் என்று சொல்லாவிட்டால் ஆர் அப்படித்தான் செய்யும். இலவசமாகக் கிடைப்பதால் நான் ஆர்-ஐப் பரிந்துரைப்பேன், ஆனால் அது இரண்டாம் பட்சம். திரையில் வந்த அட்டவணையை அப்படியே வெட்டி ஒட்டி, அதன் கீழே "கை-வர்க்க மதிப்பு குறிப்பிடத்தக்கது, எனவே கருதுகோள் ஏற்கப்படுகிறது" என்று ஒரே வரியில் முடிப்பதுதான் கவலைக்குரியது. அதைப் படிப்பவருக்கு யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை, எவ்வளவு வேறுபாடு என்று எதுவும் தெரியாது.

மேலே கண்ட முடிவை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "முதல் தலைமுறை மாணவர்கள் 80 பேரில் 37.5 சதவீதத்தினரும் மற்ற 120 பேரில் 58.3 சதவீதத்தினரும் வகுப்பில் அடிக்கடி பேசுவதாகக் கூறினர். வேறுபாடு 21 சதவீதப் புள்ளி. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 7 முதல் 35 புள்ளி வரை. தலைமுறைக்கும் பேசுவதற்கும் தொடர்பே இல்லையென்றால் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வருவது அரிது (கை-வர்க்கம் 8.33, கட்டின்மை அளவு 1, பி = 0.004). வகுப்பின் அளவு இதில் கணக்கில் கொள்ளப்படவில்லை. பேசுவது பற்றிய தகவல் மாணவர்கள் தாமே சொன்னது. வகுப்பில் நேரில் கவனித்துப் பதிவு செய்யப்பட்டதல்ல."

ஏழு வாக்கியங்கள். சதவீதம் முதலில், சோதனை நடுவில், குறைகள் கடைசியில். அந்த 7 முதல் 35 என்ற அகலமான இடைவெளியை மறைக்காதீர்கள். இன்னொரு 200 பேரைக் கேட்டிருந்தால் வேறுபாடு 12 ஆகவோ 28 ஆகவோ வந்திருக்கலாம் என்று படிப்பவரிடம் சொல்வது அந்த இடைவெளிதான்.